மாற்றிப் பாடும் உரிமை

"எழுதினவர் பெயர் தெரியுதே, இது எப்படி நாட்டுப்புறப் பாட்டாகும்?" இந்தக் கேள்வியைக் கேட்டால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. எழுதியவர் பெயர் மறந்துபோனது அந்தப் பாட்டுக்கு நேர்ந்த இழப்பு. அதையே ஒரு தகுதியாக எப்போது ஆக்கினோம்?

1954இல் சர்வதேச நாட்டுப்புற இசை மன்றம் இதற்கு ஒரு வரையறை தந்தது. தொடர்ச்சி, மாறுபாடு, தேர்வு என்று மூன்று விஷயங்கள். பழையதோடு ஒரு தொடர்பு இருக்க வேண்டும், பாடுகிறவர் அதைத் தன் போக்கில் மாற்ற வேண்டும், எது நிலைக்க வேண்டும் என்பதைச் சமூகம் முடிவு செய்ய வேண்டும். தனி ஒருவர் இயற்றியதுகூட வாய்மொழி மரபில் கலந்துவிட்டால் அந்த வரையறைக்குள் வந்துவிடும். இயற்றியபடியே கொஞ்சமும் மாறாமல் பாடப்படுகிற பாட்டைத்தான் அது வெளியே நிறுத்தியது. எனக்கு இது இன்றைக்கும் சரியாகப் படுகிறது.

'வாய்மொழியாக மட்டுமே வந்திருக்க வேண்டும்' என்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ஒற்றைத் தாளில் பாட்டுகளை அச்சடித்துத் தெருவில் விற்றார்கள். பிற்காலத்தில் கிராமத்துப் பாடகர்களிடம் சேகரித்த பாட்டுகளில் பல அந்தத் தாள்களிலும் இருந்தவைதான். அச்சில் இருந்ததால் அவை செத்துவிடவில்லை. வாங்கியவர்கள் தங்கள் மெட்டில், தங்கள் சொல்லில் பாடிக்கொண்டார்கள்.

சேகரித்தவர்கள் எதை ஒதுக்கினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பாட்டுச் சேகரிப்பாளர் செசில் ஷார்ப் 1916 முதல் 1918 வரை அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைகளில் அலைந்து, இங்கிலாந்திலிருந்து போன பழைய கதைப்பாடல்களைத் தேடினார். பெரிய உழைப்பு, மறுக்கவில்லை. ஆனால் அதே மக்கள் பாடிய பக்திப் பாடல்களையும், அங்கிருந்த கறுப்பினப் பாடகர்களையும் பெரும்பாலும் விட்டுவிட்டார். எது 'மக்கள் பாட்டு' என்பதை மக்களிடம் கேட்காமலே முடிவு செய்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஆஸ்திரேலியாவில் பிறந்த இசையமைப்பாளர் பெர்சி கிரெய்ஞ்சர் வேறு மாதிரி. 1906இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பாடகர்களை ஃபோனோகிராஃப் என்ற அந்தக் கால ஒலிப்பதிவுக் கருவியின் மெழுகு உருளையில் பதிவு செய்தார். திரும்பத் திரும்பக் கேட்டபோது, ஒரே பாடகர் ஒவ்வொரு சரணத்தையும் கொஞ்சம் மாற்றிப் பாடுவது புரிந்தது. அந்த வித்தியாசங்களைப் பிழையென்று திருத்தாமல் அப்படியே எழுதிவைத்தார்.

அதனால் பதிவு செய்வதை நான் எதிர்க்கவில்லை. பதிவானதே 'சரியான' பாட்டு என்று ஆகிவிடுவதைத்தான் எதிர்க்கிறேன். அதிகம் பேர் பார்த்த ஒரு வீடியோவை வைத்துக்கொண்டு, "நீ தப்பா பாடுற" என்று ஒரு பெண்ணின் வாயை அடைக்கிறோமே, அங்கேதான் பாட்டு நிற்கிறது.

வேலைப் பாட்டுகளைப் பாருங்கள். பாய்மரக் கப்பலில் கயிறு இழுக்கும்போது மாலுமிகள் பாடியவை, நீராவிக் கப்பல் வந்ததும் வேலையில்லாமல் போயின. அப்புறம் கூடிப் பாடும் இடங்களில் பிழைத்தன. 2020 கடைசியில் டிக்டாக்கில் ஒருவர் ஒரு கடல் பாட்டைப் பாட, முன்பின் தெரியாதவர்கள் தங்கள் குரலை மேலே மேலே சேர்த்தார்கள். அது நாட்டுப்புற இசைதானா என்று என்னைக் கேட்டால், தயங்காமல் ஆமாம் என்பேன்.

எங்கள் பாட்டி பாடிய தாலாட்டில் என் மாமன் பெயர் வரும். இப்போது அக்கா பாடுகிறாள். ஒரு வரியை மறந்துவிட்டு வேறொன்றைப் போட்டிருக்கிறாள், ராகமும் கொஞ்சம் இறங்கிவிட்டது. மாமன் பெயர் வருகிற இடத்தில் என் பெயர் வருகிறது.