எம்.டெக் கட்டாயம் இல்லை

நாற்பது வயதில் மெக்கானிக்கல் வேலையிலிருந்து எரிசக்தியை மிச்சப்படுத்தும் துறைப் பக்கம் வர எம்.டெக் கட்டாயம், பழைய அனுபவம் எதற்கும் உதவாது என்று சிலர் சொல்வது தவறு. மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. நடத்தும் எரிசக்தித் தணிக்கையாளர் (ஆலைகளில் எரிசக்தி எங்கே வீணாகிறது என்று ஆராய்பவர்) தேர்வுக்கு பி.இ. பட்டமும், எரிசக்திப் பயன்பாடு சார்ந்த வேலையில் 3 ஆண்டு அனுபவமும் போதும். மொத்தம் 4 தாள். கொதிகலன், நீராவி, கம்ப்ரசர், பம்ப், மோட்டார் என்று அதில் வருவதில் பெரும்பகுதி பிளான்ட் மெயின்டனன்ஸில் இருந்தவர்கள் தினமும் கையாண்ட விஷயம்தான், சொல்லப்போனால் ஆலை அனுபவம் குறைந்தவர்களைவிட அவர்களுக்குத்தான் இது எளிது. 2001 எரிசக்திச் சேமிப்புச் சட்டப்படி, அரசு அறிவித்த சிமென்ட், உரம், காகித ஆலைகள் எரிசக்தி மேலாளரை நியமித்தே ஆக வேண்டும்; தணிக்கையாளர் தேர்வில் தேறியவர்கள் அந்த வேலைக்கும் தகுதி பெறுகிறார்கள். சான்றிதழ் வந்ததுமே வேலை கிடைத்துவிடாது, அது சரி. ஆனால் அதற்காகக் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு எம்.டெக் சேராதீர்கள், வேலையில் இருந்துகொண்டே முதலில் இதை எழுதுங்கள்.