தூர்வாரியாச்சு, சரி. தண்ணீர் எந்த வழியாக வரும்?

ஊருணி தூர்வாருகிற போட்டோவுக்கு லைக் போட்டுப் போட்டு எனக்கு அலுத்துவிட்டது. கோபப்படாதீங்க, வேலை செய்கிற பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. சொந்தக் காசைப் போட்டு, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிற பங்காளிகளிடம் கேட்டு வாங்கி, ஜேசிபிக்கு வாடகை கொடுத்து அள்ளுகிறார்கள். ஆனால் அப்படி அள்ளிய ஊருணியில் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு அப்புறமும் முழங்கால் தண்ணீர்தான் நிற்கிறது. ஏன் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

மழைத் தண்ணீரை ஊருணிக்குக் கொண்டுவருகிற வாய்க்கால், அதாவது வரத்துக்கால் இல்லை, அவ்வளவுதான். எங்கள் ஊர் ஊருணிக்குத் தண்ணீர் வந்த வழியில் நடந்து பாருங்கள். செம்புராங்கல் வைத்துக் கட்டிய வாய், அதற்கு முன்னால் வண்டல் தங்குவதற்கென்றே ஒரு சின்னக் குழி, இது வரைக்கும் கல் ஒன்றுகூடப் பெயரவில்லை. கொஞ்ச தூரம் மேலே போனால் ஒரு காம்பவுண்டுச் சுவர் நிற்கிறது. அந்தப் பக்கம் மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் நட்ட பிளாட்டுகள். அதற்கும் மேலே, மழை விழுந்து ஓடிவந்த பொட்டல் முழுக்கப் பாதி தைலமரம், மீதி சீமைக்கருவேலம். இதில் ஊருணியை இன்னும் நாலடி ஆழமாக்கி என்ன செய்ய?

காரைக்குடியைச் சுற்றி இருக்கிற எங்கள் செட்டிநாட்டில் வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. மணிமுத்தாறும் தேனாறும் மழை பெய்தால்தான் ஆறு. அதனால்தான் ஓட்டுச் சரிவில் விழுகிற மழை முற்றத்துக்கு, முற்றத்திலிருந்து தெரு வடிகாலுக்கு, அங்கிருந்து ஊருணிக்கு, ஊருணி நிறைந்தால் கண்மாய்க்கு என்று ஊரையே வாட்டம் பார்த்துக் கட்டினார்கள். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் ஏறியதைப் பெருமையாகச் சொல்கிறோம். வருகிறவர்களுக்குத் தேக்குத் தூணையும் ஆத்தங்குடித் தரைக் கல்லையும் காட்டுகிறோம். வரத்துக்காலைக் காட்டச் சொன்னால் எதைக் காட்டுவது?

என் அப்பத்தா காலத்தில் குடிதண்ணீர் ஊருணி வேறு, குளிக்கிற ஊருணி வேறு. குடிதண்ணீர் ஊருணியில் கால் நனைத்தால் காவல்காரர் சத்தம் போடுவார். தண்ணீர் கலங்கலாக இருந்தால் பானையின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை உரசிவிட்டு வைப்பார்கள், காலையில் தெளிந்திருக்கும். இதை ஏக்கத்தோடு சொல்லவில்லை (குடம் சுமந்தது பெண்கள்தான், அந்தக் காலம் திரும்பி வர வேண்டாம்). அந்தக் காவல்காரருக்கு ஊர் சம்பளம் கொடுத்தது, அதற்காகத்தான் சொல்கிறேன். தண்ணீர் வருகிற இடத்தைக் காப்பது அன்றைக்குக் கூலி உள்ள வேலை. இன்றைக்கு அதையே விடுமுறை நாள் சேவையாக மாற்றி வைத்திருக்கிறோம்.

இப்போது திருச்சிப் பக்கம் காவிரியிலிருந்து குழாய் வருகிறது, ஆங்காங்கே போர்வெல் இருக்கிறது. நாம் கட்டுகிற தண்ணீர் வரி மோட்டாருக்கும் தொட்டிக்கும் குழாய்க்கும் போகிறது, போகட்டும். மழை விழுகிற நிலத்துக்கு அதில் எவ்வளவு போகிறது?

பெருவின் தலைநகர் லீமாவைப் பாருங்கள். பாலைவன ஊர், ஏறக்குறைய ஒரு கோடிப் பேர், மழை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை. அங்கே குடிநீர் கொடுக்கிற அரசு நிறுவனம் செடாபால். 2015இல் தண்ணீர்க் கட்டணத்தில் 1 சதவீதத்தை மேலே மலையில் இருக்கிற நீர்ப்பிடிப்புப் பகுதிக்கென்று ஒதுக்க ஏற்பாடானது. அந்த மலையில் அமுனா என்று பழைய கால்வாய்கள் உண்டு, இன்கா அரசுக்கும் முந்தியவை. மழைக்காலத்தில் ஓடைத் தண்ணீரைத் திருப்பிக் கொண்டுபோய்ச் சரிவில் ஊறவிடும். ஊறிய தண்ணீர் கீழே ஊற்றாக வெளிவரச் சராசரியாக 45 நாள் ஆகிறது என்று 2019இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதாவது மழை நின்ற பிறகும் தண்ணீர் வரும். தூர்ந்துபோன அந்தக் கால்வாய்களைச் செப்பனிடுவதும் இப்போது நகரத்துக் குடிநீர் வேலையில் சேர்த்தி. நம் வரத்துக்காலுக்கு இதைவிட நெருங்கிய சொந்தம் உலகத்தில் இருக்குமா தெரியவில்லை.

ஈக்வடாரின் கீட்டோ நகரம் இன்னும் முன்னால். 2000இல் தண்ணீருக்கென்று ஒரு அறக்கட்டளை நிதி ஆரம்பித்தார்கள், குடிநீர் நிறுவனம் தன் வருமானத்தில் 2 சதவீதத்தை அதில் போடுகிறது. மலைப் புல்வெளியை எரிக்காமல், மாடு மிதித்து இறுகாமல் பார்த்துக்கொள்ள அந்தக் காசில் காவலர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஊருணிக் காவல்காரர் மாதிரியேதான்.

நியூயார்க் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். மலையிலிருந்து வருகிற தண்ணீரை வடிகட்ட ஆலை கட்டினால் பல நூறு கோடி டாலர் ஆகும் என்றதும், 1997இல் மேலே இருக்கிற ஊர்களோடு ஒப்பந்தம் போட்டு, விற்கச் சம்மதித்தவர்களிடம் மட்டும் நிலம் வாங்கி, விவசாயிகளுக்குக் காசு கொடுத்து ஓடைகளைக் காப்பாற்றினார்கள். நல்ல மனசு என்று நினைக்க வேண்டாம், சுத்தமான செட்டியார் கணக்கு.

நம்மிடம் காரைக்குடியில் சம்பை ஊற்று இருக்கிறது. அந்தத் தண்ணீரின் ருசியைக் காரைக்குடிக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த ஊற்றுக்கு மழையை உறிஞ்சிக் கொடுக்கிற மண் எது, அதில் எவ்வளவு பிளாட்டாகப் போகிறது, எந்தச் சாக்கடை இறங்குகிறது என்பதைப் பார்க்கச் சம்பளம் வாங்குகிற ஒரு ஆளாவது வேண்டாமா?

"இருக்கிற வரியையே பாதிப் பேர் கட்டுவதில்லை, இதில் நீர்ப்பிடிப்புக்கென்று கூடுதலா?" என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். லீமாவிலும் எல்லாம் சுகமில்லை. காசு சேர்ந்தது, அதை மலையில் செலவழிக்க விதிமுறை சிக்கலில் வருஷக்கணக்கில் இழுத்தது. அதனால் ஒதுக்குவது மட்டும் போதாது. தண்ணீர் வரி ரசீதில் நீர்ப்பிடிப்புக்கென்று தனியாக ஒரு தொகை அச்சாக வேண்டும். அந்தக் காசில் முதல் வேலை ஜேசிபி வேண்டாம், சர்வேயர். சர்வே புலப்படத்தில் ஓடை, வாய்க்கால் என்று குறித்திருக்கிற ஒவ்வொரு வரத்துக்காலையும் அளந்து, ரெண்டு பக்கமும் கல் நட்டு, எந்தச் சுவர் உள்ளே வந்திருக்கிறது என்று வார்டு வாரியாகப் பட்டியலை ஒட்டட்டும். அதில் எங்கள் பங்காளி வீட்டுச் சுவரும் வரும்.