வண்டி ஓட்டுகிறவருக்கும் கடலைக் காட்டுங்கள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இருக்கும் கிரேட் ஓஷன் ரோடு என்னும் கடற்கரைச் சாலை வழியாக நண்பர்களுடன் இருமுறை போய்வந்திருக்கிறேன். முதல் முறை நால்வர் போனோம். மூவர்தான் கடலைப் பார்த்தோம். நான்காமவன் வண்டி ஓட்டினான். அந்தப் பயணத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். அடுத்தடுத்துப் பல நண்பர்கள் அதே தவற்றைச் செய்யக் கிளம்புவதைப் பார்ப்பதால் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் திட்டம் எல்லோரும் போடும் திட்டம்தான். மெல்பர்னிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, டார்க்கீயில் கடற்கரைச் சாலையைப் பிடித்து, பன்னிரு அப்போஸ்தலர்கள் என்று அழைக்கப்படும் பாறைத் தூண்களைப் பார்த்துவிட்டு, உள்நாட்டுச் சாலை வழியாக அன்றிரவே திரும்பிவிடுவது. போகவர ஏறத்தாழ 500 கிலோமீட்டர். வாடகைக் காரின் ஒப்பந்தத்தில் ஓட்டுநராக ஒருவன் பெயரை மட்டும் எழுதியிருந்தோம். லார்ன் என்ற ஊரைத் தாண்டியதும் சாலை ஒருபுறம் பாறைச் சுவரையும் மறுபுறம் கடலையும் வைத்துக்கொண்டு வளைந்து வளைந்து செல்லும். நாங்கள் மூவரும் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு "அங்கே பார், அங்கே பார்" என்று கூவிக்கொண்டே வந்தோம். அவன் பார்வை மட்டும் அடுத்த வளைவை விட்டு அசையவில்லை. இரவு அறைக்குத் திரும்பிப் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தபோது, அவன் என் போனை வாங்கி, ஒரு படத்தை இரண்டு விரல்களால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது எந்த இடம்?" என்று கேட்டான். அவனே எங்களை ஓட்டிக்கொண்டு கடந்துவந்த இடம் அது. அவன் குறையாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டான். அதனால்தான் அந்தக் கேள்வி இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை.

அந்தச் சாலையின் கதையைப் பிறகு படித்தபோது இந்த வருத்தம் கூடியது. டார்க்கீயிலிருந்து ஆலன்ஸ்ஃபோர்டு வரை 243 கிலோமீட்டர் நீளும் அந்தச் சாலையை, முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஏறத்தாழ 3,000 படைவீரர்கள், 1919 முதல் 1932 வரை கடப்பாறை, மண்வெட்டி, வெடிமருந்து, கைவண்டி ஆகியவற்றைக் கொண்டு வெட்டினார்கள். போரில் இறந்த தங்கள் தோழர்களுக்கான நினைவுச் சின்னமாகவே அதைக் கட்டினார்கள். கரடுமுரடான தடத்தில் லாரி குலுங்கும்போது வெடித்துவிடாமலிருக்க, வெடிமருந்தை வெடிக்கச் செய்யும் டெட்டனேட்டர்களைத் தங்கள் மடியில் வைத்து எடுத்துச் சென்றிருக்கிறார்கள். இந்த வேலை நடப்பதற்குப் பெரிதும் பாடுபட்ட ஜீலாங் நகர முன்னாள் மேயர் ஹோவர்ட் ஹிட்ச்காக், திறப்பு விழாவுக்குச் சில மாதங்களுக்கு முன், 1932 ஆகஸ்டில் இறந்துபோனார். நவம்பரில் விழா நடந்தபோது ஆளுநரின் காருக்குப் பின்னால் அவருடைய காரையும் ஊர்வலத்தில் ஓட்டிச் சென்றார்கள். சாலையைச் சாத்தியமாக்கியவரை மறந்துவிடாமல் அவருக்கென்று ஓர் இடம் கொடுத்தார்கள். நாங்களோ, எங்களைச் சுமந்து சென்றவன் எங்களோடு இருக்கும்போதே அவனுக்கு அந்த இடத்தைக் கொடுக்கவில்லை.

இரண்டாம் முறை மூன்று நாள்களாகப் போனோம். கூடுதல் பணம் கட்டி இரண்டு ஓட்டுநர்களின் பெயரை ஒப்பந்தத்தில் சேர்த்தோம். நண்பர்களோடு கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால், நீங்கள் ஓட்டாதீர்கள். சுற்றுலாப் பேருந்தில் போய்விடுங்கள். அதில் நண்பர்கள் எல்லோரும் ஜன்னல் வழியே பார்க்கலாம். களைத்துப்போன ஒருவர் இரவில் இருட்டான நாட்டுப்புறச் சாலையில் மூன்று மணி நேரம் ஓட்டவேண்டிய ஆபத்தும் இல்லை.

எந்தத் திசையில் போகிறோம் என்பதும் முக்கியம். அங்கே சாலையின் இடப்பக்கம் ஓட்ட வேண்டும். டார்க்கீயிலிருந்து மேற்கு நோக்கிப் போனால் கடலும் இடப்பக்கம்தான் வரும். ஆகவே கடலோரம் ஒதுங்கி நிற்க எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. எதிர்த்திசையில் வந்தால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அந்தத் தொல்லை உண்டு. ஓட்டுநருக்குப் பக்கத்தில் அமர்பவர் படம் எடுப்பதை விட்டுவிட்டு வரைபடத்தைப் பார்த்து, "இன்னும் ஒரு கிலோமீட்டரில் ஒதுங்க இடம் இருக்கிறது" என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அழகைப் பார்ப்பதற்காக வேகத்தைக் குறைத்து ஊர்ந்து போவது, பின்னால் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் உள்ளூர்க்காரர்களுக்குச் செய்யும் அநியாயம். நின்று பாருங்கள், இல்லையென்றால் ஒதுங்கி வழி விடுங்கள்.

முதல் இரவு அப்பல்லோ பேயில் தங்கினோம். அதற்கு அப்பால் சாலை கடலை விட்டு விலகி ஆட்வே மலைக்காட்டுக்குள் புகுந்துவிடும். ஒருநாள் பயணத்தில் எரிச்சலூட்டிய அந்தக் காட்டுவழி, இம்முறை உயர்ந்த மரங்களும் பெரணிகளுமாக எங்களை அமைதிப்படுத்தியது. மறுபடி கடல் தெரிந்தபோது அனைவரும் விழிப்போடு இருந்தோம்.

லாக் ஆர்ட் பள்ளத்தாக்கில் ஒரு பிற்பகல் முழுவதும் இருந்தோம். 1878 ஜூன் 1 அன்று, இங்கிலாந்திலிருந்து வந்த லாக் ஆர்ட் என்னும் பாய்மரக் கப்பல் அருகில் பாறையில் மோதி மூழ்கியது. கப்பலில் இருந்த 54 பேரில் இருவர் மட்டுமே பிழைத்தார்கள். டாம் பியர்ஸ் என்ற இளைஞர் நீந்திக் கரைசேர்ந்தபின், ஈவா கார்மைக்கேல் என்ற பெண்ணின் அலறல் கேட்டு மறுபடி தண்ணீரில் இறங்கி அவரை இழுத்துவந்தார். மதில் போல் நிற்கும் பாறைகளுக்கு நடுவே, அந்தச் சிறிய மணற்பரப்பில் நின்று அலையின் இரைச்சலைக் கேட்டால்தான் அது எத்தகைய செயல் என்று புரிகிறது. முதல் பயணத்தில் இந்த இடத்துக்கு நாங்கள் ஒதுக்கியது பத்தே நிமிடம்.

அப்போஸ்தலர்கள் எனப்படும் அந்தப் பாறைத்தூண்கள் பன்னிரண்டு ஒருபோதும் இருந்ததில்லை; பெயர்தான் அப்படி. மென்மையான சுண்ணாம்புப் பாறையைக் கடல் இடைவிடாமல் அரித்துக்கொண்டே இருக்கிறது. 2005 ஜூலையில் ஒரு தூண் சரிந்து விழுந்தது. சற்றுத் தொலைவில் இருக்கும் லண்டன் பிரிட்ஜ் என்ற பாறைப்பாலத்தின் கரையோர வளைவு 1990 ஜனவரியில் இடிந்தபோது, மறுமுனையில் சிக்கிய இருவரை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். அடுத்த முறை வரும்போது இதே காட்சி இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

கடைசி நாள் காலையில் கிப்ஸன் படிகளில் இறங்கினோம். பாறையில் வெட்டிய 86 படிகள். கீழே போனால் மேலிருந்து பார்த்த பாறைத்தூண்கள் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் நிற்கின்றன. கார்ச்சாவி அன்று என் பையில் இருந்தது. முதல் பயணத்தில் ஓட்டிவந்தவன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஈர மணலில் தனியாக நடந்து போனான். நாங்கள் மூவரும் மேலே வந்து அரை மணி நேரம் ஆகியும் அவன் படியேறி வரவில்லை. யாரும் அவனைக் கூப்பிடவில்லை.