பிரவுணிக்கு எட்டுச் செலவு இல்லை

எங்கள் நாய் பிரவுணி செத்துப் பதினொரு நாள் ஆகிறது. முதலில் 'காலமானான்' என்று எழுதிப் பார்த்தேன். சுவரில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் மாதிரி இருந்தது, அழித்துவிட்டேன்.

அன்றைக்கு வேலைக்கு லீவு கேட்டபோது காரணம் சொல்ல வெட்கமாக இருந்தது. காய்ச்சல் என்று பொய் சொன்னேன். அந்தப் பொய் இன்னமும் உறுத்துகிறது, அதனால்தான் இந்தப் பதிவு.

மனிதர் செத்தால் யாழ்ப்பாணத்தில் எல்லாவற்றுக்கும் ஒழுங்கு இருக்கிறது. பந்தல் வரும், கதிரை வரும், அயல் வீட்டிலிருந்து தேத்தண்ணி வரும். எட்டாம் நாள் எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை, அதற்குக் கீரிமலைக் கடற்கரை. அழுகிறவரைப் பார்த்து யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நாய்க்கு அழுதால் மட்டும் "உனக்கென்ன விசரா? வேற ஒரு குட்டி வாங்கு" என்று முடித்துவிடுவார்கள். சந்திக்குச் சந்தி வைரவருக்குச் சூலம் நட்டு வடைமாலை சாத்துகிற ஊர் இது. அவருடைய வாகனம் வாசலில் படுத்திருந்தால் கல்லெறிவதும் நாங்கள்தான்.

பிரவுணி ஒரு சாதாரண ஊர்நாய். மழைக்கு மதகடியில் ஒதுங்கிக் கிடந்த குட்டியைச் சைக்கிள் கூடையில் வைத்துக் கொண்டுவந்தேன். "விறாந்தைக்கு மேல ஏறப்படாது" என்று அம்மா அன்றைக்கே சட்டம் போட்டார். ஒரு தீபாவளிக்கு அந்தச் சட்டம் போனது. பக்கத்து வீட்டில் சீனவெடி கொளுத்த, அவன் பாய்ந்து அம்மாவின் கட்டிலுக்குக் கீழே பூந்துவிட்டான். வெடிச் சத்தம் அம்மாவுக்கும் ஆகாது, இத்தனை வருஷத்துக்குப் பிறகும். நான் எட்டிப் பார்த்தபோது அம்மா கட்டிலில் காதைப் பொத்திக்கொண்டு இருந்தார். கீழே இருந்து ஒரு மூக்கு அவருடைய குதிக்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அவனுடைய பெரிய கச்சேரி பின்னேரம் ஐந்து மணிக்கு. பாண் விற்கிற ஓட்டோ பாட்டோடு ஒழுங்கைக்குள் திரும்பினால் போதும், படலைக்குப் பின்னால் குந்தி, கழுத்தை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஊளையிடுவான். சுருதி ஒரு நாளும் சேர்ந்ததில்லை. பாண்காரத் தம்பி வேண்டுமென்றே எங்கள் படலையடியில் நிறுத்தி இன்னொரு தரம் பாட்டை ஓடவிடுவார். கச்சேரிக் கூலி ஒரு பணிஸ்.

போனது உண்ணிக் காய்ச்சலில். சாப்பாட்டை மணந்துவிட்டுத் திரும்பினான், நான் வெயில்தான் காரணம் என்று நினைத்தேன். மூக்கால் இரத்தம் வந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினேன். மிருக வைத்தியர் உதட்டை உயர்த்திக் காட்டினார், பல் முரசு கடதாசி மாதிரி வெளிறியிருந்தது. இந்த நோய் வெளியே தெரியாமல் மாதக்கணக்கில் உடம்புக்குள் இருக்குமாம். ஆரம்பத்தில் பிடித்தால் டொக்சிசைக்ளின் குளிசை நாலு கிழமை கொடுத்து அநேகமாக மாற்றலாம். நாய் வளர்க்கிறவர்கள் காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் உண்ணி பாருங்கள், முரசையும் பாருங்கள். நான் பார்க்கவில்லை.

வீட்டுக் கோடிக்குள் தேசிமரத்தடியில் தாட்டோம். இணுவில் செம்பாட்டு மண், மூன்று அடி போனதும் கல் தட்டியது. அலவாங்கால் கிண்டிக்கொண்டிருந்தபோது அம்மா குந்தில் இருந்தபடி, "நான் அதை அவிட்டு விட்டிட்டுத்தான் வந்தனான்" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

1995 ஒக்டோபர் 30, யுத்தத்தால் எங்கள் வலிகாமம் முழுக்க ஒரே இரவில் இடம்பெயர்ந்து வெளிக்கிட்ட நாள். அம்மாவிடம் அப்போது ஒரு கறுப்பு நாய் இருந்ததாம். அப்படி ஒரு நாய் இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "கோயிலடி மட்டும் பின்னால வந்தது. பிறகு சனத்துக்க காணேல்ல." மற்ற வருஷம் தென்மராட்சியிலிருந்து திரும்பி வந்தபோது மாமரத்தில் சங்கிலி மட்டும் கறள் பிடித்துத் தொங்கியதாம்.

"ஏனம்மா ஒரு நாளும் சொல்லேல்ல?"

"ஆரிட்டச் சொல்லுறது? சனம் பிள்ளையளைப் பறிகுடுத்திட்டு நிக்கேக்க, நான் நாய்க்கு அழுறதோ?"

அந்த நேரத்தில் அம்மா வாயை மூடிக்கொண்டதைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? ஆனால் இப்போது சண்டையும் இல்லை, பங்கரும் இல்லை, நானும் காய்ச்சல் என்றல்லவா சொன்னேன். 'நாய்தானே' என்று சொல்கிறவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். துக்கத்தை நிறுத்துப் பார்க்க உங்கள் கையில் தராசு யார் தந்தது?

நாலாம் நாள் பாண் ஓட்டோ வந்தது. "எங்க ஆளைக் காணேல்ல?" என்று தம்பி கேட்டார், சொன்னேன். அடுத்த நாள் எங்கள் வேலி தொடங்குகிற இடத்திலேயே பாட்டை நிறுத்திவிட்டு, சத்தமில்லாமல் ஓட்டோவை உருட்டிக்கொண்டு வந்தார். அம்மா படலையைத் திறந்துகொண்டு போனார்.

"போடு தம்பி, பாட்டைப் போடு."