டார்வின் சாகும்போது மனம் மாறினாரா?

"மரணப் படுக்கையில் டார்வின் பைபிளைக் கையில் பிடித்தபடி, பரிணாமக் கொள்கை தவறு என்று வருந்தினார்." சிங்கப்பூர்த் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி பொய். அதுவும் நூறு வயது தாண்டிய பொய்.

டார்வின் இறந்தது 1882இல். கதை அச்சேறியது 1915இல், அமெரிக்காவில். அவரை நேரில் பார்த்ததாகச் சொன்னவர் லேடி ஹோப் என்ற மதப் பிரசாரகர். டார்வினின் மகள் ஹென்ரியேட்டா 1922இல் இதை அடியோடு மறுத்தார்: கடைசி நேரத்தில் தாமே அப்பாவின் அருகில் இருந்ததாகவும், அவர் நோயுற்றிருந்தபோது அந்த அம்மையார் வரவே இல்லை என்றும், அப்பா தம் அறிவியல் கருத்து எதையும் கைவிடவில்லை என்றும் எழுதினார்.

சரி, கைவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கொள்கை விழாது. அந்தக் கொள்கையின் அடிப்படையான இயற்கைத் தேர்வை (சூழலுக்கு ஏற்ற உயிர்களே பிழைத்துப் பெருகும் என்ற கருத்தை) டார்வினைச் சாராமல் தனியாகவே கண்டறிந்தவர் வாலஸ் என்ற இயற்கை ஆய்வாளர். 1858இல் இருவர் கட்டுரைகளும் லண்டனில் ஒன்றாக வாசிக்கப்பட்டன. 1854இல் நம் சிங்கப்பூரின் புக்கிட் தீமா காட்டில், ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரின் விருந்தாளியாகத் தங்கி (ஆமாம், பாதிரியார்தான்!) இரண்டே மாதத்தில் சுமார் 700 வகை வண்டுகளைச் சேகரித்தவர் இந்த வாலஸ்.

டார்வின் நாத்திகர் என்று பதிலுக்கு அனுப்புவதும் சரியில்லை. தாம் ஒருபோதும் நாத்திகராக இருந்ததில்லை என்று 1879இல் அவரே கடிதம் எழுதியிருக்கிறார்.