நிறம் போனால் சாயத் தண்ணீர் சுத்தமாகிவிடாது

"சாயக் கழிவில் நிறத்தை எடுத்துவிட்டால் போதும், வயலுக்கே பாய்ச்சலாம்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அண்ணா, அது தவறுங்க. பருத்தித் துணியில் சாயம் பிடிக்கக் கிலோ கிலோவாக உப்பு கொட்டுவார்கள். சுண்ணாம்பு போட்டுத் தெளியவைத்தால் நிறம் இறங்கும். கரைந்த உப்பு அப்படியே நிற்கும். அந்தத் தெளிந்த தண்ணீரை ஒரு எவர்சில்வர் தட்டில் ஊற்றிக் காயவிடுங்கள், வெள்ளையாகப் படிவது தெரியும்.

1992-இல் பாசனத்துக்காக, திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவுக் குட்டையானதும் இதனால்தான். அணைக்குக் கீழே எங்கள் மாமா தோட்டத்தில் தென்னை ஓலை நுனி கருகியது, ஈரமண் காய்ந்தால் ஓடு மாதிரி இறுகியது. உப்பில் உள்ள சோடியம் மண்ணைச் செய்யும் வேலை அது. கிணறும் உப்பாகிவிட்டது.

உப்பைப் பிரிக்க, தண்ணீரை அழுத்தி மெல்லிய சவ்வு வழியாக வடிக்கும் சவ்வூடு வடிகட்டல் (ஆர்.ஓ.) வேண்டும். மிஞ்சும் உப்புநீரை ஆவியாக்கவும் வேண்டும். செலவுதான், ஆனால் மீட்ட தண்ணீரும் உப்பும் திரும்பச் சாயத்துக்கே போகும். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதே, ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாததால்தான்.