வேகம் சரியாக இருக்கிறது, சார்!

இரவு எட்டு மணிக்கு மேல் இணையம் படுத்துவிடுகிறது என்று புகார் கொடுத்தால், மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஆள் அனுப்பிச் சோதிக்கும் பேரறிவை என்னவென்று மெச்சுவது? தெருவே வேலைக்குப் போய்விட்ட நேரத்தில் எந்த இணைப்புதான் வேகமாக இருக்காது?

வந்தவர் மோடத்தை அணைத்துப் போட்டார். விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறும் வரை இருவரும் பயபக்தியோடு பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு தம் கைப்பேசியில் வேகச் சோதனையை ஓடவிட்டு, முள் நொடிக்கு 100 மெகாபிட்டை, அதாவது 100 எம்பிபிஎஸ்ஸைத் தொட்டதும் திரையை என் முகத்துக்கு நேரே நீட்டி, “வேகம் சரியாக இருக்கிறது, சார்” என்றார்.

“இரவில் இருப்பதில்லையே” என்றேன்.

“இப்போது இருக்கிறதே” என்றார்.

“இப்போது இல்லை என்று நான் சொல்லவே இல்லையே” என்றேன்.

“நான் இப்போதுதானே வந்திருக்கிறேன்” என்றார்.

என்ன பதில் சொல்ல முடியும்? அவர் படியிறங்கி முடிப்பதற்குள், புகார் தீர்க்கப்பட்டுவிட்டதாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. இந்த வேகம் இணைப்பில் இருந்தால் நான் ஏன் புகார் கொடுக்கப் போகிறேன்!

அந்த முள்ளின் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். சோதனைக்கான சர்வர் பல நேரங்களில் இணைப்பு தரும் நிறுவனத்தின் வலையமைப்புக்குள்ளேயே இருக்கும்; அதற்கு அப்பால் உள்ள நெரிசல் முள்ளுக்குத் தெரியவே தெரியாது. ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும், பரவலாகப் புழங்கும் ஜிபான் வகை ஃபைபரில் ஒரு கிளைக்கு நொடிக்கு வரும் சுமார் 2.5 ஜிகாபிட்டை, அதாவது 2,500 மெகாபிட்டை, 32 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன என்றால், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இழுக்கும்போது வீட்டுக்கு 80 எம்பிபிஎஸ் கூடத் தேறாது. ஒரே கிளையில் 64 வீடுகளைக் கோப்பதும் உண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் பயன்படுத்த மாட்டார்கள் என்ற துணிச்சலில்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. அந்தத் துணிச்சல் பொய்த்துப்போகும் நேரம் இரவு என்பதால்தான், பகலில் மட்டும் சோதிக்கிறார்கள் போலும்.

இதற்கு விதி வகுக்க முடியாதா என்றால், வகுத்தவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் பத்து சதவீத வாடிக்கையாளர்களுக்குக் கிடைத்தாலே போதும், அந்த வேகத்தை விளம்பரம் செய்யலாம் என்றிருந்த கூத்தை 2018 மே மாதத்தில் மாற்றினார்கள். இரவு எட்டு முதல் பத்து மணி வரையிலான நெரிசல் நேரத்தில், குறைந்தது பாதிப் பேருக்காவது கிடைக்கும் வேகத்தைத்தான் அங்கே வீட்டு இணைப்பு விளம்பரங்களில் போட வேண்டும். கடிகாரம் பார்க்கத் தெரிந்த ஒழுங்குமுறையாளர்களும் உலகத்தில் உண்டு என்பது அப்போதுதான் புரிந்தது.

நேற்று இரவு ஒன்பது மணிக்கு, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்போது, அதே நிறுவனத்தின் விற்பனைப் பிரிவிலிருந்து அழைப்பு. 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினால் சிரமமே இருக்காதாம். நெரிசலில் திணறுகிற அதே பொதுக் குழாயில் எனக்கு மட்டும் பெரிய எண்ணை எழுதித் தருவார்களாம்! கோபப்படத் தெம்பில்லாமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மறுமுனையில் ஒரு கணம் மௌனம், பிறகு அதே பணிவோடு, “அப்படியானால் பதிவு செய்துகொள்ளட்டுமா, சார்?”